ஒரே தாளம்

ஒரே தாளத்தில் பலர் பாடுவது கற்பனை வறட்சி என்கிறார் நண்பர். எனக்குச் சம்மதமில்லை. டிரம்மும் பேஸும் சேர்ந்த அடித்தளத்தை ஜமைக்காவில் 'ரிடிம்' என்பார்கள். 1985இல் கிங்ஸ்டனில் வேய்ன் ஸ்மித் பாடிய 'ஸ்லெங் டெங்', கேஸியோ எம்டி-40 பெட்டியில் பொத்தானை அழுத்தினால் தானே ஓடும் தாளம். ஜாமி வேகத்தைக் குறைத்தார். பெட்டிக்குள் அதை வைத்தவர் ஜப்பானில் ஹிரோகோ ஒகுடா என்ற பெண். இதில் கர்த்தா யார்?

அதன்மேலேயே டெனர் சா 'பம்ப்கின் பெல்லி' பாடினார். ஜானி ஆஸ்பர்ன் 'பட்டி பை' பாடினார். அடித்தளம் பொதுவாகிவிட்டால் குரல் எங்கே போய் ஒளியும்? டெனர் சாவின் அந்தக் கதறல் கலந்த இழுப்பு ஸ்மித்திடம் இல்லை. (பாங்கியில் நாள் முழுக்க ஒரே செலானைப் பார்க்கிறவன் நான். கையெழுத்து ஒன்றாயிருந்ததில்லை.)

நண்பர் 'பம்ப்கின் பெல்லி'யைக் கேட்டதேயில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.