புளிச்சுதா, ஊசிப் போச்சா?

ராஞ்சிக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷம் ஆச்சு. இங்க இருக்குற நாலஞ்சு தமிழ்க் குடும்பங்க மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை யார் வீட்லயாவது கூடுவோம். போன மாசம் நம்ம வீடு. பிரஸ்ஸல்ஸ்ல இருக்குற மச்சான் கொண்டு வந்த 'கூஸ்' பியரை, பாட்டிலைக் காட்டாம எவர்சில்வர் டம்ளர்ல ஊத்திக் கொடுத்தேன். அங்கதான் வம்பு.

ஒருத்தர், "சார், ஊசிப் போச்சு"ன்னார். இன்னொருத்தர், "புளிச்ச மோர்ல சோடா ஊத்துன மாதிரி இருக்கு"ன்னார். அப்புறம் பாட்டிலைக் கொண்டு வந்து வச்சு, விலையையும் ரூபாயில சொன்னேன். அதே டம்ளர், அதே நாக்கு. "ஆமா, பச்சை ஆப்பிள் வாசனை வருதில்ல!"

பி.காம்.ல குட்வில்னு படிச்சோமே, கண்ணுக்குத் தெரியாத சொத்து, அதைத்தான் நாக்கு வரவு வச்சுக்கிச்சு.

இந்த பியருக்கு யாரும் ஈஸ்ட் போடுறதில்ல. குளிர்கால ராத்திரியில கொதிச்ச சாறை அகலமான தொட்டியில திறந்து வச்சு ஆற விடுவாங்க. காத்துலயும் மரப்பீப்பாய்லயும் இருக்குற நுண்ணுயிர்தான் வேலை பாக்குது. ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஊறினதைக் கலந்து அடைச்சா, பாட்டிலுக்குள்ளயே மறுபடி பொங்கி நுரை கட்டும். அடியில வண்டல் நிக்கும்.

என் தீர்ப்பு: முதல்ல அரைநெல்லிப் புளிப்பு, நடுவுல தொழுவத்து வைக்கோல் வாசனை, கடைசில துளி இனிப்பில்லாம நாக்கைக் காய வச்சுட்டுப் போகுது. அருமை. தொண்டையைக் கிழிக்கிற காடி நெடியோ நெயில் பாலிஷ் வாசனையோ வந்தாத்தான் அது கெட்டது.

இந்த வித்தியாசம் நமக்குத் தெரியாதா? ஜனவரிக் குளிர்ல மாவு பொங்கலைன்னு பாத்திரத்துக்குக் கம்பளி போத்துற கூட்டம் நாம. புளிச்சுதா ஊசிச்சான்னு தங்கமணி மூடியைத் திறந்ததுமே சொல்லிடுவாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அன்னைக்கே பேச்சு வாரச் சந்தையில ஹண்டியா விக்கிற ஆதிவாசிப் பெண்கள் பக்கம் திரும்பிச்சு. "நாத்தம் புடிச்சவங்க"ன்னார் ஆப்பிள் வாசனை பிடிச்ச அதே மனுஷன், குழந்தைங்க முன்னாடி. நான் வாயைத் திறக்கல. மூணு வருஷமா மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனவன்தானே நானும்.

அடுத்த சந்தைக்குப் போய் உக்காந்தேன். சோத்தை ஆற வச்சு, அரிசி மாவும் காட்டு வேரும் சேத்து உருட்டுன 'ரானு' மாத்திரையைப் பொடிச்சுப் போட்டு, சில நாள் பானையில மூடி வச்சு வடிக்கிறது ஹண்டியா. சர்ஹுல் பண்டிகையில சாமிக்கே படைக்கிறது. சால் இலைத் தொன்னையில கொடுத்தாங்க. நம்ம நீராகாரத்துக்குத் தங்கச்சி: லேசா இனிப்பு, பின்னால புளிப்பு, கடைசில வேர்க் கசப்பு. கூஸோட ஆழம் இல்ல. மூணு வருஷமும் மூணு நாளும் ஒண்ணாகுமா? ஆனா கெட்டதுன்னு சொல்ல நாக்குல ஒரு சாட்சியும் இல்ல.

வெள்ளைக்காரன் புளிக்க வச்சா கலை, ஆதிவாசி அம்மா புளிக்க வச்சா நாத்தமா? பிடிக்கலைன்னு தாராளமா சொல்லுங்க. குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் அது ருசி இல்ல சாமி, வெறும் திமிர்.

அடுத்த ஞாயிறு அந்த நண்பர் வீட்லதான் சாப்பாடு. இதை அங்கயே சொல்லிடப் போறேன்.

டிஸ்கி: குடிக்கச் சொல்லி எழுதலை. ரெண்டுமே சாராயச் சத்துதான், ரெண்டுமே குடும்பத்தைக் கெடுக்கும்.