அளவுகோல் ஒன்று; குழந்தைகள் பல

தாமிரபரணிக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர் குமரகுருபரர். அவர் ஐந்து வயது வரை வாய் பேசாதிருந்தார் என்றும், திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் பேச்சு வரப்பெற்றுக் கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் சொல்லுவார்கள். நெல்லைச் சீமையில் இந்த வரலாற்றைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பிள்ளைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லையே என்று தாய் கலங்கும்போது, வீட்டிலுள்ள பெரியவர்கள் இதைச் சொல்லித்தான் தேற்றுகிறார்கள். "பொறுத்திரு, அவனும் பேசுவான்" என்கிறார்கள்.

தேற்றுவது நல்ல காரியந்தான். நம்பிக்கையை நாம் குறை சொல்லவும் இல்லை. ஆனால் முதல் ஐந்து வருஷங்கள்தான் குழந்தையின் மூளை வேகமாக வளரும் காலம். அந்தக் காலத்தைப் பொறுத்திருப்பதிலேயே கழித்துவிட்டால், பிறகு எத்தனை பணம் கொடுத்தாலும் அது திரும்பி வராது. திருச்செந்தூருக்குப் போகட்டும், அதே வாரத்தில் ஆஸ்பத்திரிக்கும் போகட்டும்!

ஆஸ்பத்திரிக்குப் போனால் மட்டும் போதுமா? அங்கே குழந்தையை எப்படிப் பார்க்கிறார்கள், எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

கண்ணால் பார்த்தே அறிவது

1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்கள் பிறரோடு கலந்து பழகவில்லை. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். இந்த நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர் வந்தது. ரத்தத்தைச் சோதித்தோ, படம் எடுத்தோ ஆட்டிசம் உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியாது. குழந்தையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பெற்றோரிடம் விவரமாகக் கேட்க வேண்டும்.

அப்படிப் பார்த்துக் கேட்டு மதிப்பிட நமது நாட்டிலும் ஓர் அளவுகோல் செய்திருக்கிறார்கள். செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிலையம் தயாரித்தது அது. அதில் 40 கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. அதற்கு மேலே போகப் போகக் கடுமை அதிகம். 2016-ல் மத்திய சர்க்கார் இதை வைத்தே சான்றிதழ் கொடுக்க வழிமுறை வகுத்தது. அதே ஆண்டில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் இடம் பெற்றது.

இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. ஆனால் சில குழந்தைகளிடம் இந்த எண்ணிக்கை நம்மை ஏமாற்றிவிடும். அவர்கள்தான் அபூர்வமான மரபணுக் கோளாறுகளோடு பிறந்த குழந்தைகள்.

தேமல் என்று நினைத்தது

டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்று ஒரு நோய். சுமார் 6,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரக்கூடியது. குழந்தையின் உடம்பில் இலை வடிவத்தில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். வீட்டில் அதைத் தேமல் என்று நினைத்துவிடுவார்கள். சில மாதங்களில் குழந்தை திடீர் திடீரென்று உடம்பைச் சுருட்டி உதறும். ஏதோ பயந்து திடுக்கிடுகிறது என்று திருநீறு பூசுவார்கள். உண்மையில் அது ஒருவகை வலிப்பு. இந்த நோயுள்ள குழந்தைகளில் பத்தில் நான்கைந்து பேருக்கு ஆட்டிசமும் இருக்கிறது. வலிப்பைச் சீக்கிரம் கண்டு மருந்து கொடுத்தால் மூளைக்கு வரும் கேட்டைக் குறைக்கலாம். சிறுநீரகத்தையும் இருதயத்தையும் சோதித்து வரவேண்டியதும் அவசியம். 'ஆட்டிசம்' என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால் இவற்றையெல்லாம் யார் பார்ப்பது?

பிரஜைல் எக்ஸ் என்பது இன்னொன்று. இதற்குரிய மரபணுவை 1991-ல் கண்டுபிடித்தார்கள். இந்தப் பிள்ளை கையை நீட்டும். முகத்தை மட்டும் அப்பால் திருப்பிக்கொள்ளும். பார்த்தவுடன் ஆட்டிசம் என்றே தோன்றும். ஆனால் மனிதரை வேண்டாமென்று அவன் திரும்பவில்லை. கூச்சமும் பயமும் தாங்காமல் திரும்புகிறான். அரைமணி நேரம் பழக விட்டால், கடைக்கண்ணால் பார்த்துச் சிரிப்பான். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஆட்டிசமும் சேர்ந்தே இருக்கும், பலருக்கு இராது. நூறு பேர் வரிசையில் நிற்கும் வெளிநோயாளிகள் பகுதியில் ஐந்து நிமிஷத்தில் இதைப் பிரித்தறிய யாரால் முடியும்?

பெண் குழந்தைகளுக்கு வரும் ரெட் நோயை 1966-ல் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற டாக்டர் விவரித்தார். நன்றாக வளர்ந்து வந்த பெண், ஒன்று ஒன்றரை வயதில் பேச்சை இழக்கிறாள். கைகளைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். விரல் நீட்டிக் காட்டுகிறாளா என்ற கேள்விக்கு, இல்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும். ஆனால் அவளுடைய கண்களைக் கவனியுங்கள். வேண்டியதைக் கண்ணாலேயே கேட்பாள்! கை சொல்லாததைக் கண் சொல்லுகிறது. அதற்கு மதிப்பெண் போட அளவுகோலில் இடம் எங்கே?

இரண்டு தவறுகள்

ஆறு வயதுப் பிள்ளைக்கு மன வளர்ச்சி ஒன்றரை வயது அளவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'சம வயதுப் பிள்ளைகளோடு விளையாடவில்லை', 'பேச்சு வார்த்தை இல்லை' என்று வரிசையாக மதிப்பெண் ஏறும். ஒன்றரை வயதுக் குழந்தை எதுவுமே அதைச் செய்யாதே! அந்தப் பிள்ளையை அவனுடைய மன வளர்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே தவிர, பிறந்த தேதியோடு அல்ல. இப்படிப் பார்க்காமல், இல்லாத ஆட்டிசத்தை இருப்பதாகச் சொல்வது முதல் தவறு.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. மரபணுக் கோளாறு என்று தெரிந்தவுடன், "எல்லாம் அந்த நோயின் குணந்தான்" என்று கோப்பை மூடிவிடுவது. உள்ளபடியே ஆட்டிசமும் இருந்தால், அதற்கான பயிற்சியும் பள்ளிச் சலுகையும் அந்தக் குழந்தைக்குக் கிடைக்காமல் போகும். நோயைப் பார்த்து ஆட்டிசத்தை மறப்பதும் தவறு. ஆட்டிசத்தைப் பார்த்து நோயை மறப்பதும் தவறு.

அம்பாசமுத்திரத்துச் சொப்பு

மேல்நாட்டார் செய்த ஏ.டி.ஓ.எஸ். என்ற புகழ்பெற்ற சோதனையில், பொம்மைக்குப் பிறந்தநாள் விழா நடத்தும் விளையாட்டு ஒன்று உண்டு. மெழுகுவர்த்தியும் கேக்கும் பார்த்தறியாத கிராமத்துக் குழந்தை அதில் விழித்துக்கொண்டு நின்றால், கற்பனை இல்லை என்று முடிவு கட்டலாமா? அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்த மரச் சொப்புகளை முன்னே வைத்துப் பாருங்கள். அடுப்பு மூட்டுகிறதா, சோறு பொங்கி அம்மாவுக்கு ஊட்டுகிறதா என்று பாருங்கள். பெரியவர்கள் முகத்தை நேருக்கு நேர் பார்க்காதே என்று வளர்க்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. இதையெல்லாம் அறிந்து, நெல்லைத் தமிழில் கேட்டு, நெல்லை விளையாட்டை வைத்துச் சோதித்தால்தான் உண்மை வெளிப்படும்.

கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் முதலில் பார்த்துவிட வேண்டும். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19-ஆம் நூற்றாண்டிலேயே பள்ளிகள் கண்ட ஊர் பாளையங்கோட்டை. அந்த ஊரைச் சுற்றி உள்ளவர்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாயின் மீது பழி வேண்டாம்

மரபணு என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்தவுடன், "யார் வழியில் வந்தது?" என்ற கேள்வியும் நுழைந்துவிடுகிறது. பழி பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது. இது அநியாயம். ரெட் நோய் பெரும்பாலும் யாரிடமிருந்தும் வருவதில்லை. குழந்தையிடத்திலேயே புதிதாகத் தோன்றுகிறது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸில் மூன்றில் இரண்டு பங்கும் அப்படித்தான். பிரஜைல் எக்ஸ் தாய் வழியே பிள்ளைக்கு வருகிறது என்பது உண்மை. ஆனால் அந்தத் தாய்க்கே அது அவளுடைய தகப்பனார் வழியாக வந்திருக்கலாம். தெரியாமல் வந்ததற்கு யாரும் குற்றவாளி அல்ல.

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் மணம் முடிப்பது நம் பக்கத்து வழக்கம். இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்தால்தான் தோன்றும் நோய்கள் அதனால் அதிகமாகும். பீனைல்கீட்டோனூரியா அவற்றில் ஒன்று. கவனிக்காமல் விட்டால் மூளை கெட்டு, ஆட்டிசம் போலவும் தோன்றும். பிறந்தவுடன் கண்டு உணவை மாற்றினால் குழந்தை நன்றாக வளரும். ஆகவே மூத்த பிள்ளைக்கு என்ன என்று சரியாகத் தெரிந்துகொள்வது, அடுத்த பிள்ளைக்கும், சகோதரிகளின் பிள்ளைகளுக்கும் செய்யும் உதவியாகும்.

செய்ய வேண்டியது என்ன?

வழி காட்ட வெகு தூரம் போக வேண்டாம். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விபத்தில் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று தென்காசி ஜில்லாவில் இருக்கும் அந்தச் சிற்றூரிலிருந்து ஊழியர்கள் குழந்தைகளின் வீடு தேடிப் போய்ப் பயிற்சி தருகிறார்கள். வீட்டில் குழந்தை இயல்பாக இருக்கும். அங்கே பார்ப்பதுதான் நிஜமான பார்வை.

2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி ஜில்லாதோறும் ஆரம்பகாலச் சிகிச்சை நிலையங்கள் அமைக்கப்பட்டன. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி ஜில்லாக்களில் அந்நிலையங்களுக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும், மதிப்பெண் போடுமுன் தோலையும், தலையின் அளவையும், கண்ணையும் காதையும் பார்ப்பதை விதியாக்க வேண்டும். வலிப்பு உண்டா என்று கேட்க வேண்டும். ஒரே நாளில் முடிவு கட்டாமல், இன்னொரு நாளும் பார்க்க வேண்டும். வீட்டில் குழந்தை விளையாடுவதைத் தாய் செல்போனில் படம் பிடித்து வந்தால், டாக்டர் அதையும் பார்க்க வேண்டும்.

அபூர்வ நோய்களுக்கென்று 2021-ல் மத்திய சர்க்கார் ஒரு கொள்கை வகுத்தது. அதன்கீழ் சிறப்பு நிலையங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் உள்ளன. பாபநாசத்துக் கூலித் தொழிலாளி ஒரு நாள் சம்பளத்தை இழந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மலை தாண்டியும் ராப்பயணம் செய்தும் அங்கே போக வேண்டுமா? 1965 முதல் நடந்துவரும் நெல்லை மருத்துவக் கல்லூரியிலேயே மரபணு ஆலோசனைக்கு வாரம் ஒரு நாள் ஒதுக்கினால் என்ன? ரத்தம் சென்னைக்குப் போகட்டும். குழந்தை ஏன் போக வேண்டும்?

அளவுகோல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சான்றிதழுக்கு எண் தேவைதான். ஆனால் 70-க்கு மேலா கீழா என்று பார்த்ததோடு வேலை முடிந்துவிடாது. அந்தக் குழந்தைக்கு எது வரும், எது வராது, ஏன் வரவில்லை என்று மூன்றையும் பெற்றோருக்குப் புரியும் தமிழில் சொல்லி அனுப்புவதுதான் மதிப்பீடு. அதைக் கேட்டு வாங்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கொடுக்கச் சர்க்காருக்குக் கடமை உண்டு.