வெனிஸில் கொஞ்சம் வழி தவறுங்கள்!

வெனிஸ் என்றதும் மனசுக்குள் வருவது படகுதான். ஆனால், அந்த ஊர்க்காரர்களுக்குக் கால்தான் வண்டி. 100-க்கும் மேற்பட்ட குட்டித் தீவுகள், அவற்றை இணைக்க 400-க்கும் மேற்பட்ட பாலங்கள். கார், பைக் எதற்கும் அனுமதி இல்லை. காய்கறிப் பையோ, குழந்தையின் தள்ளுவண்டியோ, படியேறி இறங்கித்தான் ஆக வேண்டும். ஆம்புலன்ஸ்கூட அங்கே படகுதான்!

ரயிலடியை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பெரிய கால்வாய். சுவர்களில் 'ரியால்டோ', 'சான் மார்க்கோ' என்று வழிகாட்டும் பலகைகள். அவற்றைப் பிடித்துக்கொண்டே போனால் முக்கால் மணி நேரத்தில் சான் மார்க்கோ சதுக்கம் வந்துவிடும். கூட்டமும் அதே வழியில்தான் போகும். பாதியில் ஏதாவதொரு சந்தில் திரும்பிவிடுங்கள். பத்தே நிமிடத்தில் கூட்டம் காணாமல் போய்விடும்.

சந்துகள் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு சதுக்கம் வரும். அதற்கு 'காம்போ' என்று பெயர். வயல் என்று அர்த்தம். நடுவில் செதுக்கு வேலைப்பாட்டோடு ஒரு கல் கிணறு. சுற்றிலும் உப்புத் தண்ணீர் இருக்கிற ஊரில் கிணறு எப்படி? அது ஊற்றுக் கிணறு அல்ல, மழைநீர்த் தொட்டி. சதுக்கத்தில் விழும் மழை, கல் துவாரங்கள் வழியாக இறங்கி, மணலில் வடிகட்டப்பட்டு, நடுவில் இருக்கும் கிணற்றில் சேரும். உப்பு நீர் கலக்காமல் இருக்க, சுற்றிலும் களிமண் பூச்சு. 1884-ல் குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊரே இப்படித்தான் குடித்தது.

இன்று கிணறுகள் மூடிக் கிடக்கின்றன. சுற்றியுள்ள வீடுகளில் பலவும் சுற்றுலாப் பயணிகள் தங்கும் அறைகளாகிவிட்டன. வீட்டு விலையும் வாடகையும் ஏற, பிள்ளைகுட்டிக்காரர்கள் பாலம் தாண்டி மேஸ்த்ரே பக்கம் குடிபோய்விட்டார்கள்.

ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை. அதன் ஜன்னலில், தீவு நகரத்தில் மிச்சமிருக்கும் மக்கள்தொகையைக் காட்டும் மின்பலகை இருக்கிறது. 1951-ல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த ஊர். 2008-ல் பலகை வைத்தபோது சுமார் 60,000. 2022-ல் அது 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது.

கடல் வெள்ளத்தைத் தடுக்க 78 ராட்சத இரும்புக் கதவுகளைப் போட்டு, 2020-லிருந்து இயக்குகிறார்கள். 2024-லிருந்து, கூட்டம் அலைமோதும் நாட்களில் ஒருநாள் பயணிகளிடம் கட்டணமும் வசூலிக்கிறார்கள். குடிபோனவர்கள் திரும்பி வர மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை.

போகிறவர்கள் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். பகல் கூட்டம் ரயிலேறிய பிறகு, ஒரு காம்போவில் கிணற்றடியில் நின்று, சுற்றிலும் எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.