பொன்னைத் தேடி மண்ணை இழப்பதா?

விருதுநகர் மாவட்டத்துக் கரிசற் காட்டில் நடப்போர் ஆளற்ற மேடுகள் பலவற்றைக் காண்பர். ஊரார் அவற்றை நத்தமேடு என்பர், பாழூர் என்பர், மேட்டுக்காடு என்பர். ஏர் உழுதால் பானையோடும் வளையல் துண்டும் புரளும். ஒருகால் மாந்தர் மனை கட்டி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த இடங்கள் அவை. அம்மேடுகளுக்கு இன்று புதியதோர் இடர் நேர்ந்துளது. மக்கள் 'மெட்டல் டிடெக்டர்' என வழங்கும் மாழைகாட்டி (மாழை - உலோகம்) இணைய அங்காடிகளில் எளிதாக விலைக்குக் கிடைக்கின்றது. புதையல் காட்டுங் கருவி என்னும் விளம்பரமும் அதற்கு உண்டு. கையிற் கருவியும் நெஞ்சில் பேரவாவும் உடையான் ஒருவனுக்கு, பாழூர் மேடு வேறெங்ஙனந் தோன்றும்?

கருவியின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது அதனைச் சூழ ஒரு காந்தப் புலம் எழுகின்றது. மண்ணுள் மாழைத் துண்டு கிடப்பின், அப்புலம் அதனுள்ளும் மின்னோட்டத்தைச் சுழலச் செய்கின்றது. அச்சுழற்சியை உணர்ந்து கருவி ஒலிக்கின்றது. துருவேறிய ஆணிக்கும் ஒலிக்கும், பொற்காசிற்கும் ஒலிக்கும். ஆனால் சுட்ட மண்ணிற்கு ஒலியாது, சங்கிற்கு ஒலியாது, கண்ணாடி மணிக்கும் எலும்பிற்கும் நெல்லிற்கும் ஒலியாது. மாழையன்றிப் பிறவற்றிற்கு அது முழுச் செவிடு.

அச்செவிட்டுக் கருவி எதனையெல்லாம் கேளாது விடும் என்பதற்குச் சிவகாசிக்கு அண்மையிலுள்ள வெம்பக்கோட்டையே சான்று. வைப்பாற்றங்கரையில், விசயகரிசல்குளத்து மேட்டுக்காட்டில், தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அகழாய்வைத் தொடங்கி, மூன்று கட்டங்களாக நிகழ்த்தியது. அங்குச் சிறிதளவு பொன்னும் செப்புக் காசுகளும் கிடைத்தன, உண்மை. ஆயினும், ஆங்குக் கிடைத்தவற்றுட் பெரும்பகுதி சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், ஆட்டக் காய்கள். காளையுருச் செதுக்கிய சூதுபவளக் கல்லொன்றும் 2024இல் வெளிப்பட்டது. பழந்தமிழர் கைவினையின் சிறப்பை உணர்த்தும் இவற்றுள், மாழைகாட்டி ஒன்றையேனும் காட்டியிருக்குமா?

இழப்பு இம்மட்டோடு நில்லாது. பொருளினும் அது கிடந்த இடமே பெரிது. மண் அடுக்கடுக்காகப் படிவது. கீழடுக்கு முந்தியது, மேலடுக்குப் பிந்தியது. எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பது தெரிந்தாலன்றிப் பொருளின் காலம் தெரியாது. கீழடியின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டிற்கு முன்கொண்டு சென்றது பொன்னன்று. அங்குக் கிடைத்த கரித்துண்டே. கி.மு. 580 என்னுங் கணிப்பை அதுவே நல்கியது. பழனியை அடுத்த பொருந்தலில், எழுத்துப் பொறித்த கலம் கிடைத்த ஈமக் குழியின் காலத்தைக் கி.மு. 490 என உரைத்தது தாழியுள் இருந்த நெல். சிவகளையின் இரும்பு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டைச் சார்ந்தது என 23.1.2025 அன்று தமிழ்நாட்டரசு அறிவித்ததும், இரும்போடு தாழியிற் கிடந்த கரியை ஆய்ந்தே. கரி என்னுஞ் சொற்குச் சான்று என்றும் பொருளுண்டு என்பதைத் தமிழறிந்தார் அறிவர். அடுப்புக் கரியே தமிழினத்தின் தொன்மைக்குக் கரியாகி நிற்கின்றது! மாழைகாட்டி ஒலித்த இடத்தில் இரவோடிரவாகக் குழிதோண்டுவான், இரும்பைத் துருவென வீசுவான். கரியைக் குப்பையெனக் கலைப்பான். 'ஆதன்' எனப் பெயர் பொறித்த ஓட்டைக் காலால் மிதித்துச் செல்வான். கிடைத்த காசொன்றும் ஊரும் காலமும் அற்ற ஊமைக் காசாகும்.

கரூர் அமராவதி ஆற்றுமணலில் பொதுமக்கள் கண்டெடுத்த காசுகளால் மாக்கோதை, கொல்லிரும்பொறை முதலிய சேரர் பெயர்கள் வெளிப்பட்டனவல்லவோ எனச் சிலர் வினவலாம். வெளிப்பட்டன, தொகுத்து வெளியிட்டோர் பாராட்டிற்குரியரே. ஆனால் ஆறு தானே அடுக்கைக் கலைத்து, காசை உருட்டிக் கொணர்ந்து மணலில் இட்டது. அங்குக் கெடுவதற்கு அடுக்கில்லை. மேட்டிலோ அடுக்குக் கலையாதுளது. ஆற்றுமணலுக்குரிய நெறியை ஊர்மேட்டிற்குக் காட்டுதல் பொருந்தாது.

மண்ணைத் தோண்டிப் பொருளை அள்ளிச் செல்வது புதிதன்று. 1876இல் ஆதிச்சநல்லூரிற் செருமானியர் யாகோர் அகழ்ந்து எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. அதற்கு ஈராண்டின் பின், 1878இல், வெள்ளையராட்சி புதையற் சட்டம் இயற்றியது. பத்து உருபாவிற்கு மேற்பட்ட மதிப்புடைய பொருள் மண்ணிற் கிடைப்பின் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்து வாயிலாக அறிவித்தல் வேண்டும். அறிவியாது மறைப்பார்க்கு ஓராண்டு வரை சிறை. இன்றும் அச்சட்டம் நடப்பிலுளது. ஆனால் அதன் கண் உருபா மதிப்பின்மேல் நிற்கின்றது. எழுத்துப் பொறித்த ஓட்டிற்கு அங்காடியில் என்ன விலை? நூறாண்டு கடந்த தொல்பொருளை வெளிநாட்டிற்கு விற்காது தடுக்க 1972ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. எனினும், மேட்டைக் குடைந்த பின் எச்சட்டமும் அடுக்கை மீட்டுத் தாராது. புதையற் சட்டம் தந்த இங்கிலாந்திலேயே, 1997 முதல், பொதுமக்கள் கண்டெடுப்பவற்றை இடங்குறித்துப் பதியும் ஏற்பாடு உண்டு. பத்து இலக்கத்திற்கு மேற்பட்ட பொருள்கள் அங்குப் பதிவாகியுள்ளன. சட்டத்தைத் தந்தவர் திருந்தினர், பெற்றவர் விழித்திலர்!

வானம் பார்த்த நிலத்தில் விளைச்சலின்றி, தீப்பெட்டிக்கும் வெடிக்கும் உடலை விற்கும் ஏழையைக் குறைகூறிப் பயனில்லை. அவன் கையிற் கருவியைத் தந்து, அவன் எடுத்ததை இருளில் வாங்கி, ஒளியில் விற்கும் இடைத்தரகனே முதற் குற்றவாளி. ஆகலின் செய்யத்தக்கவை இவை: ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லையுள் உள்ள பாழூர் மேடுகளைப் பட்டியலிட்டு அரசுக்கு அறிவித்தல் வேண்டும், அரசு அவற்றை நில ஆவணத்திற் குறித்து, மண்வாரிப் பொறியும் மாழைகாட்டியும் அணுகாது காத்தல் வேண்டும், கண்டதை மறையாது அறிவிக்கும் உழவனுக்குக் காலந் தாழ்த்தாது பரிசும் பாராட்டும் வழங்குதல் வேண்டும்.

பள்ளிகளுக்கும் இதிற் பெரும்பங்குண்டு. 1970களிற் கீழடியில் மாணவர் கொணர்ந்த பொருள்களைக் கண்டு அதன் தொன்மையை அரசுக்கு அறிவித்தவர் பள்ளியாசிரியரே. சிவகளையின் தொன்மையை முதலிற் கண்டு உணர்த்தியவரும் பள்ளியாசிரியரே. அவர்கள் கையில் எக்கருவியும் இருந்திலது. ஓட்டை ஓடென எறியாத கண் இருந்தது. வைப்பாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு அக்கண்ணைத் தருக. மேட்டிற் கிடப்பது புதையலன்று, பாட்டன் வீடு என்பதைச் சிறுவன் உணர்வானாயின், அதனை இரவிற் குடைய வருவானைத் தடுத்து நிறுத்த அவ்வூரே எழுந்து நிற்கும்.