எந்திரனுக்குப் பின் வந்த பேய்

ஒரு பொருளின் உயர்வு அதற்கு இட்ட விலையினால் அமையும் என்று கருதுவோர் நம்மிடையே மிகுதி. கலியாணம் எத்துணைச் செலவில் நடந்தது என்று கேட்போர் பலர். மணமக்கள் மனமொத்து வாழ்கின்றனரா என்று கேட்போர் சிலர். இம்மனப்பான்மை படக்கலையையும் பற்றிக்கொண்டு நெடுநாளாயிற்று. ஒரு படம் திரைக்கு வருமுன்னரே இத்தனை கோடி செலவாயிற்று என்று பறை அறையப்படுகின்றது. கதை யாது, அது கூறும் கருத்து யாது என்று வினவுவாரைக் காணோம். இதனால் விளையும் கேட்டை எடுத்துக்காட்ட இரண்டு தமிழ்ப் படங்களை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலாவது, 2010 அக்டோபர் 1 இல் வெளிவந்த "எந்திரன்." மற்றது, அதன் தொடர்ச்சியாக 2018 நவம்பர் 29 இல் வெளிவந்த "2.0." இரண்டையும் இயக்கியவர் ஷங்கர். இரண்டிலும் விஞ்ஞானி வசீகரனாகவும், அவர் படைத்த சிட்டி என்னும் இயந்திர மனிதனாகவும் தோன்றியவர் ரஜினிகாந்த். முதற்படத்தின் பாடல்கள் 2010 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் வெளியிடப்பட்டதை இந்நாட்டுத் தமிழர் மறந்திரார். இரண்டாவதன் பாடல்கள் 2017 இல் துபாயில் வெளியாயின. முன்னதற்கு ஏறத்தாழ 130 கோடி ரூபாய் செலவு என்று அந்நாளில் பேசப்பட்டது. பின்னதற்கு 500 கோடியைத் தாண்டிற்று என்றனர். செலவு மும்மடங்குக்கு மேல் பெருகிற்று. கருத்தும் அவ்வாறு பெருகிற்றா என்பதே நமது கேள்வி. பெருகவில்லை என்பது மட்டுமன்று, பேய் பிசாசு நம்பிக்கைக்கே படம் திரும்பிச் சென்றது என்பது நமது துணிபு.

"எந்திரன்" குற்றமற்ற படம் என்று நாம் கூறவில்லை. இடி தாக்கியவுடன் இயந்திரத்திற்கு உணர்ச்சி பிறப்பதும், கொசுவுடன் அது உரையாடுவதும் விஞ்ஞானம் ஆகா. கதைத்தலைவி சனாவோ, படைத்தவனும் படைக்கப்பட்டதும் போட்டியிடும் பரிசுப் பொருளாக நிற்கின்றாளேயன்றி, தனக்கென ஒரு வேலை உடையவளாக இல்லை. இத்தனை குறைகளுக்கிடையிலும் அப்படத்தில் சில கேள்விகள் உயிருடன் இருந்தன. அதன் உரையாடலில் 2008 இல் மறைந்த எழுத்தாளர் சுஜாதாவின் கையும் உண்டு.

கடவுள் உண்டா என்று அவையில் ஒருவர் சிட்டியைக் கேட்கின்றார். கடவுள் என்றால் யார் என்று அது திருப்பிக் கேட்கின்றது. நம்மைப் படைத்தவர் என்று விடை வருகின்றது. அங்ஙனமாயின், என்னைப் படைத்த வசீகரன் இதோ இருக்கின்றார், ஆகவே கடவுள் உண்டு என்கின்றது சிட்டி. அவை சிரிக்கின்றது. ஆனால் ஒரு சொல்லின் பொருளை வரையறுத்த பின்னரே அதுபற்றி வழக்காட வேண்டும் என்னும் தருக்க நெறி அச்சிரிப்பினுள் இருக்கின்றது. பின்னர் அந்தப் படைப்பாளியே கோபங்கொண்டு தன் படைப்பைத் துண்டு துண்டாக வெட்டி எறிகின்றான். படைத்தவன் என்பதனால் ஒருவன் நல்லவனாகிவிடான் என்பதையும் அப்படமே காட்டுகின்றது.

இன்னொரு காட்சி. தீப்பற்றிய அடுக்குமாடி வீட்டிலிருந்து சிட்டி பலரைக் காப்பாற்றுகின்றது. குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணை ஆடையின்றியே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே விடுகின்றது. அவள் வெட்கம் தாளாது ஓடி, வண்டியில் அடிபட்டு மாள்கின்றாள். மானம் இன்னதென்று அறியாதது இயந்திரத்தின் குறை என்று படம் தீர்ப்புக் கூறுகின்றது. இத்தீர்ப்பு நமக்கு உடன்பாடன்று. உயிர் பிழைத்து வந்த பெண்ணுக்கு ஒரு போர்வை தரவும் தோன்றாமல் நின்ற கூட்டத்தின் குறையை யார் கூறுவது? உயிரினும் பெரிது மானம் என்று பெண்ணுக்கு மட்டும் ஓதிவைத்த சமூகமன்றோ அவளை வண்டியின் முன் தள்ளியது? படத்தின் விடை தவறு. ஆயினும் கேள்வி மெய்யானது. பார்த்தவர் வீடு திரும்பியபின் அதுபற்றி வாதாட முடிந்தது.

முடிவையும் நோக்குக. நீதிமன்றத்தின் ஆணைப்படி சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கின்றது. 2030 இல் ஒரு காட்சிசாலையில் அதனைக் காணும் பள்ளிச் சிறுமி, இத்தகைய இயந்திரத்தை ஏன் கழற்றினார்கள் என்று வினவுகின்றாள். தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்பது சிட்டியின் விடை. சிந்திக்கத் தொடங்கியவனை உலகம் என்ன செய்கின்றது என்பதைச் சில சொற்களில் கூறிய அக்காட்சிக்கு எத்தனை கோடி செலவாகியிருக்கும்?

நிற்க. இனி "2.0" படத்திற்கு வருவோம்.

சென்னையில் மக்கள் கையிலிருந்த கைத்தொலைபேசிகள் யாவும் திடீரெனப் பறந்து மறைகின்றன. அவை ஒன்றுகூடி மாபெரும் பறவை உருக்கொண்டு, தொலைபேசித் தொழிலில் ஆதாயம் பெற்றோரைக் கொல்கின்றன. இக்காட்சிகளை அமைத்த தொழிலாளரின் திறமை போற்றற்குரியது. முப்பரிமாணத்திலேயே படம்பிடித்த துணிவையும் நாம் குறைத்துக் கூறோம். ஆனால் அத்தொலைபேசிகளைப் பறக்கச் செய்தது எது? பட்சிராஜன் என்னும் பறவையியலர், கைத்தொலைபேசிக் கோபுரங்களின் அலைகளால் பறவைகள் மடிவதாக முறையிடுகின்றார், வழக்கில் தோற்கின்றார், கோபுரத்திலேயே தூக்கிட்டு இறக்கின்றார். அவருடைய ஆவி, மாண்ட பறவைகளின் ஆவிகளோடு கூடிப் பழிவாங்குகின்றதாம்! இதனைப் பேய் என்று சொன்னால் படித்தவர் நகைப்பர் என்றஞ்சி, "ஆரா" என்றும் எதிர்மறை ஆற்றல் என்றும் பெயரிட்டு, விஞ்ஞானி வசீகரன் வாயினாலேயே விளக்கம் தருவிக்கின்றனர். பிற்பாதியில் அந்த ஆவி வசீகரன் உடலிலேயே புகுந்துகொள்கின்றது. நம் பாட்டிமார் கூறிய முனியடித்த கதைக்கும் இதற்கும் வேறுபாடு யாது? பாட்டி அதனை விஞ்ஞானம் என்று கூறவில்லை, அவ்வளவே.

பட்சிராஜனின் தோற்றம், பறவையியல் அறிஞர் சலீம் அலியை (1896–1987) நினைவூட்டுவது. அப்பெரியார் சிறுவராயிருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய குருவி ஒன்றின் கழுத்தில் மஞ்சள் நிறங் கண்டு வியந்து, அது என்ன பறவை என்று அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடிச் சென்றார். அந்த ஒரு கேள்வியே அவரை வாழ்நாள் முழுதும் காடுமேடெல்லாம் அலைந்து பறவைகளை எண்ணவும் எழுதவும் செய்தது. கேட்டறிந்து, எண்ணிப் பார்த்து, எழுதிவைத்துப் பறவைகளுக்கு உதவியவரின் சாயலை எடுத்துக்கொண்டு, அவ்வுருவைத் தற்கொலை செய்வித்துப் பேயாகவும் ஆக்கியது அறிவுலகுக்குச் செய்த மரியாதையாகுமா?

படத்தின் அடிப்படைக் கூற்றும் ஆராயத்தக்கது. தொலைபேசி அலைகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியினும் ஆற்றல் குறைந்தவை. அளவு மிகுந்தால் சூடேற்றும். ஆகையால் அவற்றுக்கு எல்லை வகுத்தல் முறையே. ஆனால் பறவையினம் அழிவதற்குக் கோபுரங்களே காரணம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. 2020 இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதையும் நோக்க ஏறத்தாழ நிலையாகவே உள்ளதென்றும், பெருநகரங்களில் குறைந்துள்ளதென்றும் கூறிற்று. கூடு கட்ட இடுக்கில்லாக் கண்ணாடிக் கட்டடங்கள், குஞ்சுகளுக்குப் பூச்சி கிடையாத தோட்டங்கள், அழிக்கப்படும் புதர்கள் ஆகியவற்றையே அறிஞர் பலரும் சுட்டுகின்றனர். இவற்றில் நமக்கும் பங்குண்டு. அப்பங்கை உணர்த்துவதற்கு மாறாக, ஒரு கோபுரத்தைக் காட்டிப் பழியை அதன்மேல் ஏற்றிவிடுகின்றது படம்.

இதனால் நாம் தொலைபேசி முதலாளிகளுக்காகப் பரிந்து பேசுகின்றோம் என்று எவரும் எண்ணற்க. படம் வெளிவருமுன் அந்நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது. அம்முறையீட்டில் நமக்குப் பரிவில்லை. கலையைத் தடுக்கக் கோருவது எவர்க்கும் அழகன்று. நமது வருத்தம் வேறு. பேராசை கொண்ட நிறுவனங்களை எதிர்ப்பவன் கையில் இருக்கவேண்டியது சான்று. கூலி குறைந்தது என்று வழக்குரைப்பவன் கணக்கேட்டைக் கொண்டுவர வேண்டும். ஆவியைக் கொண்டுவந்தால் வழக்குத் தோற்கும், முதலாளியே வெல்வான். நியாயமானதொரு கோரிக்கையைப் பேயின் வாயில் வைப்பவர், அக்கோரிக்கையை எள்ளி நகையாடப் பகைவருக்கு வழி செய்துவிடுகின்றனர்.

படம் பொழுதுபோக்குக்குத்தானே, இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்பர். பேய்ப் படத்தைப் பேய்ப் படம் என்று காட்டினால் நாமும் காசு கொடுத்து, அஞ்சிச் சிரித்து வருவோம். விஞ்ஞானம் என்று பெயர் சூட்டிக் காட்டும்போதுதான் கேட்கின்றோம். நாள் முழுதும் உழைத்துக் களைத்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரையரங்கம் செல்லும் தோழருக்கு, அப்பிள்ளைகள் எதனை விஞ்ஞானம் என்று கற்றுத் திரும்புகின்றனர் என்று கேட்கும் உரிமை இல்லையா?

தோழர்களே! அடுத்த படத்திற்கும் கோடிகளின் கணக்கைக் கூறிக்கொண்டு வருவர். அக்கணக்கு படமுதலாளியின் கவலை, நமதன்று. காட்சி முடிந்து வெளியே வருகையில் உடன் வந்த பிள்ளையை நோக்கி, இப்படம் உன்னை என்ன கேட்கச் செய்தது என்று வினவுங்கள். "எந்திரன்" பார்த்த பிள்ளை, சிந்தித்தால் ஏன் கழற்றவேண்டும் என்று கேட்கும். "2.0" பார்த்த பிள்ளை, அந்தப் பறவை எவ்வளவு பெரிது என்று சொல்லும். எப்படம் உயர்ந்தது என்பதற்கு அதனினும் வேறு அளவுகோல் நமக்கு வேண்டா.