தள்ளுவண்டிக்கு ஓர் இடம் வேண்டும்!

பொழுது சாய்கிறது. சாலை ஓரத்தில் ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கிறது. சட்டியில் எண்ணெய் காய்கிறது. ஒரு பக்கம் பஜ்ஜி, ஒரு பக்கம் சுண்டல், கூடையிலே அவித்த மல்லாட்டை. வேலை முடிந்து திரும்புகிறவர்கள் நின்று பசியாறுகிறார்கள். வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பொட்டலம் வாங்குகிறார்கள்.

இந்த வண்டி திண்டிவனத்தில் நின்றால், அதற்கு ஒரு சட்டம் துணை இருக்கிறது. வல்லம் கிராமத்தில் நின்றால், அந்தத் துணை இல்லை!

ஏன் இப்படி?

சட்டம் என்ன சொல்கிறது?

தெருவில் வியாபாரம் செய்வதும் அடிப்படை உரிமைதான். ஆனால் அதற்கு நியாயமான கட்டுப்பாடு உண்டு என்று 1989-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. அதற்கு 25 ஆண்டுகளுக்குப் பிறகு, 2014-ல், தெரு வியாபாரிகளுக்காகவே பார்லிமெண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டு மே 1-ந் தேதி அது அமுலுக்கு வந்தது.

ஊரில் உள்ள வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தர வேண்டும். அது முடியும் வரை யாரையும் விரட்டக் கூடாது. இடத்தை மாற்றச் சொன்னால் 30 நாள் நோட்டீசு தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் கொடுக்க வேண்டும். கெட்டுப்போகும் பொருளாக இருந்தால், உரியவர் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். இடம் ஒதுக்கும் குழுவில் 100-க்கு 40 பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

நல்ல சட்டம். ஆனால் அது நகரங்களுக்கு மட்டுமே! திண்டிவனம் நகராட்சி. செஞ்சி பேரூராட்சி. இரண்டுக்கும் சட்டம் உண்டு. வல்லம் கிராம ஊராட்சி. அதனால் அங்கே இல்லை.

கடமை மட்டும் உண்டு!

2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமோ நகரம், கிராமம் என்று பார்ப்பதில்லை. தள்ளுவண்டிக்காரரும் அதற்குக் கட்டுப்பட்டவரே. கடமை என்றால் கிராமமும் சேர்த்தி. பாதுகாப்பு என்றால் கிராமம் சேர்த்தி இல்லை. இது நியாயமா?

வண்டி நின்ற இடமெல்லாம் கடை என்று விட்டுவிடவும் முடியாது. பஸ் நிற்கும் இடத்தை வண்டி அடைத்துக்கொண்டால், பள்ளிப் பிள்ளைகள் நடுச் சாலையில் அல்லவா நடக்க வேண்டும்? கழுவிய தண்ணீரைத் தெருவில் கொட்டினால் யாருக்குக் கேடு?

ஆகவே, 2014 சட்டத்தைக் கிராமங்களுக்கும் விரிவாக்க வேண்டும். அதுவரை ஊர் கை கட்டி இருக்க வேண்டியதில்லை. மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. நெடுஞ்சாலையை விட்டு ஒதுங்கி, பஞ்சாயத்தின் பொறுப்பில் உள்ள ஓர் இடத்தை வண்டிகளுக்கு என்று தீர்மானிக்கலாம். ஒரு குழாய், ஒரு விளக்கு, ஒரு குப்பைத் தொட்டி போதும்.

வியாபாரிகளும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். நல்ல தண்ணீரில் சமைக்க வேண்டும். பண்டத்தை மூடி வைக்க வேண்டும். பத்திரிகைத் தாளில் பஜ்ஜியைக் கட்டித் தரக் கூடாது. அச்சு மை வயிற்றுக்கு ஆகாது. பத்திரிகை படிப்பதற்குத்தான்!

வண்டியைத் தள்ளுகிறவர் பிச்சை கேட்கவில்லை. நிற்க ஓர் இடம் கேட்கிறார். அதைக் கொடுக்க ஊருக்கு மனம் வர வேண்டும்.