துடைப்பம் ஏந்திய பாட்டு

பாட்டினால் ஆட்சி கவிழுமா என்று ஏளனமாகக் கேட்போர் உளர். படையும் கருவூலமும் தம் கையில் இருக்கும்வரை வீதியிற் பாடுவோரைப் பற்றிக் கவலை எதற்கு என்று எண்ணும் ஆட்சியாளரும் உளர். இவ்விரு திறத்தாருக்கும் மேற்கு ஆபிரிக்காவின் புர்க்கினா பாசோ மக்கள் 2014ஆம் ஆண்டில் விடையளித்தனர்.

அந்நாட்டின் சனாதிபதி பிளேஸ் கொம்பாவோரே, 1987 ஒக்டோபர் 15ஆம் நாள் தோமஸ் சங்காராவின் உயிரைக் குடித்த இராணுவப் புரட்சியினால் ஆட்சிபீடம் ஏறியவர். யாப்பின் 37ஆம் உறுப்புரை அவருக்குப் பெருந்தடையாயிற்று. பதவிக்கால வரம்பு 1997இல் நீக்கப்பட்டது. மக்கள் எதிர்ப்பின் பின், 2000இல் இரு தவணை என மீண்டும் விதிக்கப்பட்டது. ஆயினும், புதிய விதி கடந்த காலத்தைத் தொடாது என்ற வாதத்தின் துணையோடு 2005இலும் 2010இலும் அவர் போட்டியிட்டு வென்றார். 2014இல் அதே உறுப்புரையைத் திருத்த மீண்டும் முற்பட்டார்.

சட்டத்தின் சொல்லைக் கொண்டே சட்டத்தின் உயிரைப் பறிக்கும் இவ்வித்தை எமக்குப் புதிதன்று. இலங்கையிலும் 2010இல் 18ஆம் திருத்தம் சனாதிபதியின் இரு தவணை வரம்பை அகற்றியதையும், 2015இல் 19ஆம் திருத்தம் அதனை மீட்டதையும் வாசகர் மறந்திரார்.

கொம்பாவோரேயின் சூழ்ச்சியை எதிர்க்க 2013இல் 'குடிமக்கள் துடைப்பம்' என்ற இயக்கம் எழுந்தது. ராப் பாடகர் ஸ்மொக்கி, ரெகே பாடகர் சாம்ஸ்க் லெ ஜா, வழக்கறிஞர் கீ எர்வே காம் ஆகியோர் அதன் மூலவர்களுட் சிலர். வழக்கறிஞர் மன்றத்தில் முடங்கிக் கிடந்த உறுப்புரையைப் பாடகர் சந்திக்குக் கொணர்ந்தனர். பிறந்த நாள்தொட்டு ஒரே தலைவரையே கண்டு வளர்ந்த இளைஞர், 'போதும், விலகுக' என்று கூறத் துணிந்தனர். ஒக்டோபர் 27ஆம் நாள் தலைநகர் வாகடூகுவில் பெண்கள் அகப்பை ஏந்தி ஊர்வலம் வந்தனர். 30ஆம் நாள், திருத்தம் வாக்கெடுப்புக்கு வரவிருந்த பாராளுமன்றத்துக்குள் மக்கள் வெள்ளம் புகுந்தது, மண்டபம் தீக்கிரையாயிற்று. மறுநாள் கொம்பாவோரே பதவி துறந்து நாட்டைவிட்டு ஓடினார். 27 ஆண்டு ஆட்சி ஒரு வாரத்துள் முடிந்தது.

இங்கேயே கதையை நிறுத்திவிட்டால் வெற்றி முழக்கமிடலாம். ஆனால் உண்மையை மறைப்பது எமது கடனன்று. 2015 செப்டெம்பரில் சனாதிபதிக் காவற்படை புரட்சிக்கு முயன்று மக்களின் எதிர்ப்பினால் தோற்றது. அவ்வாண்டே நடந்த தேர்தலில் வந்த ஆட்சியோ 2022 ஜனவரியில் இராணுவத்தால் கவிழ்க்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் இன்னோர் இராணுவத்தலைவர் வந்தார். பழைய ஆட்சியை எதிர்த்து நின்ற வழக்கறிஞர் காம், 2024 ஜனவரியில் புதிய ஆட்சியினராற் கைதுசெய்யப்பட்டார்.

அப்படியாயின் பாட்டு வீணாயிற்றா? அன்று. அச்சத்தைப் போக்குவது பாட்டின் பணி. அதனை அது செவ்வனே செய்தது. போனவன் இடத்தில் மற்றொருவன் வேரூன்றாதபடி காப்பது நீதிமன்றத்தின், பாராளுமன்றத்தின், கட்டுக்கோப்பான கட்சிகளின் பணி. பதவியை விட மறுப்போனை அகற்ற விழையும் எந்த மக்களும் துடைப்பத்தை ஒருமுறை எடுத்தால் போதாது. வீட்டை நாள்தோறும் பெருக்க வேண்டும் என்பதை எமது தாய்மார் நன்கறிவர். அரசியலார் அறிவது எந்நாளோ?